களஞ்சியத்தில் ஒரு விலாசம்

கணினி நிரல் எழுதக் கற்றுக்கொள்ள வந்தபோது தாணுமாலயனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. ஆசிரியர் பெனிட்டாவுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. அவர் ஆசிரியரை ‘டீச்சர்’ என்றார். ஆசிரியர் அவரை ‘சார்’ என்றார். இருவருக்கும் அது சரியாக இருந்தது.

நாகர்கோவிலில் ஒரு மருந்துக்கடையின் மாடி அறையில் அவர்கள் வேலை செய்தார்கள். எழுதியது சின்ன நிரல்தான். வீட்டில் அடி தாங்க முடியாமல் ஓடிவந்து, கணவனுக்குத் தெரியாத ஊரில் ஒளிந்து வாழும் பெண்களுக்கு ஒரு காப்பகம் மாதாமாதம் மளிகைப் பெட்டி அனுப்பும். பெட்டிமேல் ஒட்டும் விலாசச் சீட்டை அந்த நிரல் அச்சடித்துத் தரும்.

மற்ற ஊர்க் காப்பகங்களுக்கும் பயன்படட்டும் என்று, நிரலை இணையத்தில் ஒரு பொதுக் களஞ்சியத்தில் வைத்திருந்தார்கள். யாரும் பார்க்கலாம், யாரும் நகல் எடுத்துக்கொள்ளலாம். அங்கே நிரல் மட்டும்தான் போகும். பெண்களின் விலாசம் போகாது. சோதித்துப் பார்க்க விலாசம் வேண்டுமென்றால் கற்பனையாக ஒன்றை எழுதிக்கொள்ள வேண்டும்.

தாணுமாலயன் தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். இல்லாத தெருவுக்கு விலாசம் எழுத அவருக்குக் கை வரவில்லை. ஒரு தெருப்பெயர் எழுதுவார். பின்கோடு பொருந்தாது. அடித்துவிடுவார்.

நீளமான விலாசம் சீட்டில் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. போன மாதம் அவரே பெட்டி கொண்டுபோய்க் கொடுத்த வீடு ஞாபகம் வந்தது. சுயம்புக்கனி என்ற பெண்ணின் வீடு. பள்ளிவாசலுக்குப் பின்பக்கச் சந்தில், பழைய ஐஸ் கம்பெனி மாடி. குறை சொல்ல முடியாத விலாசம். பெயரோடு அதைப் போட்டார். சீட்டில் கச்சிதமாக அடங்கியது. வேலை முடிந்த சந்தோஷத்தில் அந்தக் கோப்பையும் சேர்த்துக் களஞ்சியத்துக்கு அனுப்பிவிட்டார்.

இரண்டு நாள் கழித்துத்தான் அது கண்ணில் பட்டது.

வரியை அழித்தார். திருத்திய கோப்பைக் களஞ்சியத்துக்கு அனுப்பினார். பக்கத்தைத் திறந்து பார்த்தார். விலாசம் இல்லை. அப்புறம்தான் மூச்சு வந்தது.

“டீச்சர், தப்பா ஒரு வரியை அனுப்பிட்டேன். இப்ப அழிச்சாச்சு. போயிட்டுல்லா?”

“என்ன வரி சார்? பாஸ்வேர்டா?”

தாணுமாலயன் தயங்கினார். “அந்த மாதிரிதான்.”

“அப்ப முதல்ல பாஸ்வேர்டை மாத்திடுங்க. அழிக்கிறதெல்லாம் அதுக்கப்புறம்.”

“சரி டீச்சர். ஆனா அழிச்சது போயிட்டுதா?”

“களஞ்சியத்தை முந்தாநாள் இருந்த நிலைக்குக் கொண்டு போங்க” என்றார் ஆசிரியர்.

தாணுமாலயன் ஒரு கட்டளையைத் தட்டினார். கோப்பைத் திறந்தார். சுயம்புக்கனி அங்கேயே இருந்தாள், பின்கோடோடு. அவர் மடிக்கணினியைச் சற்றுத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“இருக்கா?”

“இருக்கு.”

“நீங்க வரியை அழிச்சீங்க. இன்னார், இன்னைக்கு, இன்ன வரியை அழிச்சார்னு களஞ்சியம் குறிச்சு வெச்சுக்கிடுச்சு. அதோட வேலையே அதுதானே?”

“அப்ப முந்தாநாளையே அழிக்கணும்.”

“அதுக்கும் வழி இருக்கு.”

ஆசிரியர் ஒரு மென்பொருள் கருவியைக் காட்டினார். அது பழைய நிலைகள் ஒவ்வொன்றிலும் புகும். சொன்ன வரி எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் அதை எடுத்துவிடும். பிறகு, அந்த வரி பிறக்கவே இல்லை என்பதுபோலக் களஞ்சியத்தின் வரலாற்றை மறுபடி எழுதும்.

தாணுமாலயன் குறிப்புகளை நிதானமாகப் படித்தார். படித்தபடியே செய்தார். புது வரலாற்றை அனுப்பிப் பழையதன் இடத்தில் வைத்தார். முந்தாநாளுக்குப் போனார். அதற்கு முந்தைய நாளுக்கும் போனார். எங்கும் இல்லை.

“இப்ப நிஜமாவே போயிட்டு டீச்சர். அப்படி ஒண்ணு இருந்ததுக்கு அடையாளமே கிடையாது.”

ஆசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பினார். அங்கே இன்னொரு மாணவன் அப்சல் காதில் பாட்டோடு வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஆசிரியர் கையைத் தட்டினார்.

“அப்சல், நேத்து நீ நகல் எடுத்தேல்லா? அந்த சோதனைக் கோப்பைத் திற.”

அப்சல் திறந்தான். சத்தமாகப் படித்தான். “சுயம்புக்கனி, பழைய ஐஸ் கம்பெனி மாடி, பள்ளிவாசல் பின்புறம்… ஏ அண்ணாச்சி, இது நம்ம காப்பகத்து அக்கால்லா? தபால்காரரு விலாசத்தை உலகத்துக்கே பட்டுவாடா பண்ணிட்டீரே!”

பிறகு தாணுமாலயனின் முகத்தைப் பார்த்தான். சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

ஆசிரியர் எழுந்து போய் அப்சலின் திரையைப் படித்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“இது பாஸ்வேர்டு இல்லையே சார்.”

“இல்ல.”

“சுயம்புக்கனிக்கு இது தெரியுமா?”

தாணுமாலயன் அப்சலைப் பார்த்துச் சொன்னார். “தம்பி, அந்த நகலை அழிச்சிரு. புதுசா எடுத்துக்க.”

அப்சல் அழித்தான்.

“டீச்சர், உங்ககிட்ட இருக்கதையும்.”

ஆசிரியரும் அழித்தார்.

“இனி யார்கிட்ட இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. ஒவ்வொருத்தர் கால்லயா விழுந்து அழிக்க வெச்சிருதேன்.”

ஆசிரியர் களஞ்சியத்தின் பக்கத்தைத் திறந்து, திரையை அவர் பக்கம் திருப்பினார். கடந்த இரண்டு நாளில் நகல் எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று அதில் போட்டிருந்தது. இந்த அறையில் இருப்பவர்களைவிட அதிகம். எண்ணிக்கை மட்டும்தான். பெயர் இல்லை, ஊர் இல்லை.

தாணுமாலயன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேற ஊர்க் காப்பகத்துக்காரங்களா இருக்கும்” என்றார்.

“இருக்கலாம்.”

“அவ வீட்டுக்காரன் லாரி ஓட்டுதவன். அவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?”

“அவனுக்கு ஒண்ணும் தெரியாம இருக்கலாம். தெரிஞ்ச ஒருத்தன் அவன் பக்கத்துல உக்காந்திருக்கலாம்.”

கீழே மருந்துக்கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டார்கள்.

“இப்பதான் டீச்சர் மகளை ஸ்கூல்ல சேர்த்திருக்கா” என்றார் தாணுமாலயன். “ரெண்டு வீடு மாறி இங்க வந்தவ. இனி போதும்னு கதவுக்குப் பெயிண்ட்டெல்லாம் அடிச்சிருக்கா. யார் தட்டினாலும் ஜன்னல் வழியா பாப்பா. என் குரலுக்கு மட்டும் பாக்காமலே திறப்பா.”

அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

“எல்லாத்தையும் அழிச்சிட்டுப் போவோம், ‘இப்படி நடந்துட்டும்மா, ஆனா அழிச்சாச்சு, நீ பயப்படாத’ன்னு சொல்லுவோம்னு இருந்தேன்.”

“பயப்படாதன்னு சொல்ல நம்மகிட்ட என்ன சார் இருக்கு?”

ஆசிரியர் மேசைமேல் கிடந்த தாணுமாலயனின் போனை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

“காப்பகத்துல நான் பேசுறேன். இப்பவே வண்டி அனுப்புவாங்க. ஸ்கூலுக்கும் ஆள் போகும். சுயம்புக்கனிகிட்ட நீங்க பேசுங்க.”

தாணுமாலயன் போனைக் கையில் எடுத்தார். சுயம்புக்கனியின் பெயரைத் தேடி எடுத்தார். விரல் அங்கேயே நின்றது.

“யாருமே பாக்கலைன்னா டீச்சர்? நகல் எடுத்தவங்க அந்தக் கோப்பைத் திறக்கவே இல்லைன்னா? ஒண்ணுமில்லாததுக்கு என்னை வீடு மாற வெச்சீரேன்னு ஆயுசு முழுக்க ஏசுவாளே?”

“ஏசட்டும் சார்” என்றார் ஆசிரியர். “ஏசுறதுக்கு அவங்க இருப்பாங்கல்லா.”