நிழல் பத்தாத சவேரி

ஏ மக்கா, எல்லாரும் வந்தாச்சா? மயிலு, அந்தத் தோகையைக் கொஞ்சம் மடக்கி வை. பின்னால இருக்கிறவங்களுக்கு என் அழகு மறைக்குது. ஓணான், நீ தலையாட்டுறதை நிறுத்து. நான் இன்னும் வாயே திறக்கல, அதுக்குள்ள ஆமா ஆமாங்கிற.

இன்னைக்குத் தவக்காலம் தொடங்குது. யாரு எதை விடப்போறீங்கன்னு சொல்ல வரிசையில நிக்கிறீங்க. வரும்போதே காதுல விழுந்துச்சு. நரிக்குட்டி புல்லு திங்கிறதை விடப்போகுதாம். ஆந்தை பகல்ல ஊர் சுத்துறதை விடப்போகுதாம். அடேயப்பா! இந்தத் தியாகத்தைக் கேட்டு நம்ம தேரிமண்ணே, இந்தக் காஞ்ச செம்மணலே, அழுது ஈரமாயிரும். இந்த வருசம் மழையே வேண்டாம்.

சிரிங்க, சிரிங்க. போன வருசம் நான் விட்டது அதைவிடப் பெரிசு. கீரிப்பிள்ளை நான் முட்டையை விட்டேன். அந்தக் கதையைச் சொல்லத்தானே என்னைய முன்னால உக்கார வச்சிருக்கீங்க? சொல்றேன். இதுவரைக்கும் பாதிதான் சொல்லியிருக்கேன். இன்னைக்கு முழுசும் சொல்றேன்.

சின்னதுங்களுக்கு ஒரு விசயம். இந்த வழக்கம் நமக்குக் கோயில்ல இருந்து வந்துச்சு. மணிக்கூண்டுல குடியிருக்கிற அணில் பிலோமிதான் கொண்டு வந்தா. நமக்கெல்லாம் பேரு வச்சதும் அவதான். பூசையில கேக்குற பேரையெல்லாம் வந்து நம்ம தலையில கட்டிட்டா. எனக்குத் தொம்மை. நரிக்கு ராயப்பர். முயலுக்குச் சவேரி. கவுதாரிக்கு லூர்து.

ஊர்ல பொம்பளைங்க உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியா எடுத்து வைக்கிறாங்க, ஞாயித்துக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டு வர்றாங்க, இல்லாத வீட்டுக்கு அது போகுதுன்னு பிலோமி சொன்னா. பசியோட எடுத்து வைக்கணுமாம். மிச்சத்துல இருந்து எடுத்தா கணக்குல சேராதாம். நாமளும் செய்வோம்னு ராயப்பர் அண்ணாச்சி சொன்னாரு. இடி விழுந்து மொட்டையா நிக்கிற பனையில ஒரு பொந்து இருக்குல்ல, அதுல எல்லாரும் திங்கிறதுக்கு முன்னால ஒரு வாய் வைக்கணும்.

பிலோமி இன்னொன்னும் சொன்னா. கோயிலுக்குள்ள ஒருத்தர் சிலுவையில தொங்குறாராம். அவர் ஒரு தப்பும் செய்யலையாம். மத்தவங்க தப்பையெல்லாம் தன் மேல போட்டுக்கிட்டாராம். வாயைத் திறந்து நான் இல்லைன்னு கூடச் சொல்லலையாம்.

நான் விடுவேனா? "அவருக்கு வாய் வலியா இருந்திருக்கும்"னேன். எல்லாரும் உருண்டு உருண்டு சிரிச்சாங்க. சவேரி மட்டும் சிரிக்கல. அவன் எப்பவுமே அப்படித்தான். பேச வேண்டிய இடத்துல காதை மட்டும் ஆட்டுவான்.

என்னையும் உங்களுக்குத் தெரியும். பாம்பு பிடிக்கப் படிச்சுக்கடான்னு மாமாகிட்ட விட்டாங்க. மூணாம் நாளே ஓடி வந்துட்டேன். பாம்புக்கு என் மேல பயமில்ல, எனக்கு அது மேல இருந்துச்சு. அதுக்கு அப்புறம் வாய்தான் என் தொழில்.

போன வருசம் பொந்துல வைக்கிற பிடி லூர்தக்காவுக்குன்னு முடிவாச்சு. அவ வீட்டுக்காரரை வலை போட்டுப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. எட்டு முட்டை. மொட்டைப்பனைக்குப் பக்கத்துலயே கூடு. கூட்டுக்கு மேல இருந்த முள்ளுச்செடியை ஆடு மொட்டையடிச்சிருச்சு. அவ எந்திரிச்சா முட்டை நேரா வெயில்ல. தேரிமண்ணு உச்சிவெயில்ல எப்படின்னு சொல்லணுமா? முட்டை அவிஞ்சிரும். விடியக்காலம் மட்டும் ஊத்துக்கு ஓடித் தண்ணி குடிச்சிட்டு வருவா. இரை தேட நேரம் கிடையாது. இருபது நாள் நம்ம வைக்கிற பிடிதான் அவளுக்குச் சோறு.

அப்ப எல்லாரும் என்னையப் பார்த்தாங்க. ஏன்னு தெரியும்ல? ராயப்பர் அண்ணாச்சி நேராவே கேட்டாரு, "தொம்மை, நீ என்னலே விடப்போற?"

நான் எந்திரிச்சு நெஞ்சை நிமித்தி, "அண்ணாச்சி, இந்த நாப்பது நாளும் முட்டையை என் கண்ணால கூடப் பார்க்க மாட்டேன்"னேன். மயிலு தோகையை விரிச்சிருச்சு. அத்தனை பேரும் ஆகா ஓகோன்னாங்க. அந்தக் காட்டுல அப்ப இருந்த முட்டையே அந்த எட்டுதான். திருடாம இருக்கிறதைத் தியாகம்னு சொல்லிக் கைதட்டு வாங்கினவன் உலகத்துலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

பொந்துல வைக்கிற பிடி? எப்பவோ உதிர்ந்து காஞ்ச வேப்பம்பழம் வச்சேன். தினமும் ஒன்னு. நான் வேப்பம்பழம் திங்கிறதே கிடையாது. மத்தவங்க நல்லதா வைப்பாங்களே, நம்ம ஒருத்தன் வைக்காட்டி என்னன்னு நினைச்சேன்.

லூர்தக்கா தினமும் காலையில பொந்துக்குள்ள கழுத்தை விட்டுச் சாப்பிடுவா. அந்தப் பக்கம் யார் போனாலும், "உங்க எல்லார் புண்ணியத்துலயும் புல்லரிசி இருந்துச்சு"ன்னு சொல்லுவா. எல்லாரும், "பரவாயில்லக்கா, இதென்ன பெரிசு"ன்னு சொல்லுவோம். நானும் சொன்னேன்.

எட்டாம் நாளு விடியும்போது சவேரியைப் பார்த்தேன். தலை பொந்துக்குள்ள, பின்பக்கம் வெளிய. வாய்ல எதையோ கவ்விக்கிட்டு வெளிய வந்து மண்ணைத் தோண்டிப் புதைச்சான். எனக்குச் சந்தோசம் தாங்கல. கதை கிடைச்சிருச்சுல்ல!

அன்னைக்குச் சாயங்காலம் கூட்டத்துல சவேரி மாதிரியே நடந்து காட்டினேன். பொந்துக்குள்ள தலையை விட்டுப் பின்பக்கத்தை ஆட்டினேன். "சவேரி ரொம்பப் பக்தியா நோன்பு இருக்கான் மக்கா, லூர்தக்கா சாப்பாட்டை வச்சு"ன்னேன். மரத்துல இருந்த காக்கா சிரிச்ச சிரிப்புல கீழ விழுந்துச்சு.

ஆனா சவேரி அப்பவே எலும்பும் தோலுமா இருந்தான். திருடித் திங்கிறவன் ஏன் அப்படி இருக்கான்னு ஒருத்தருக்கும் தோணல. எனக்குத் தோணுச்சு. சிரிப்பு போயிருமேன்னு சொல்லல.

ராயப்பர் அண்ணாச்சி கேட்டாரு, "பொந்துல இருந்து எடுத்தியா?"

"எடுத்தேன்"னான் சவேரி.

வேற ஒன்னும் சொல்லல. சுத்தி இருந்த எல்லார் மூஞ்சியையும் ஒரு தடவை பார்த்தான், அவ்வளவுதான். இனிமே மொட்டைப்பனைப் பக்கமே வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. சரின்னு போயிட்டான்.

மூணு நாள் ஆச்சு. நாலாம் நாள் உச்சிவெயில். நான் ஒரு கொல்லாமரத்தடியில படுத்துக் கெடந்தேன். லூர்தக்கா தள்ளாடித் தள்ளாடி ஊத்துப் பக்கம் போறா. விடியக்காலம் எந்திரிக்கவே முடியல போல. இப்ப நாக்கு வறண்டு, வேற வழியில்லாமப் போறா. றெக்கை மண்ணுல இழுபட்டுச்சு.

அவ போறதைப் பார்த்ததும் நான் கூட்டுக்கு ஓடினேன். காவல் காக்கத்தான் ஓடினேன்னு நீங்க எல்லாரும் சொல்றீங்க. நானும் இதுவரைக்கும் இல்லைன்னு சொன்னதில்ல.

எனக்கு முன்னாலயே சவேரி அங்க இருந்தான்.

வரக்கூடாதுன்னு சொன்ன இடத்துல நாலு காலையும் அகட்டி வச்சு, கூட்டுக்கு மேல கூரை மாதிரி நின்னான். ரெண்டு காதையும் விரிச்சு நிழலைப் பெரிசாக்கியிருந்தான். அந்த மண்ணுல நம்மால ஒரு மூச்சு நேரம் நிக்க முடியுமா? கால் மாத்திக் கால் வைப்போம். அவன் மாத்தல. காலை எடுத்தா நிழல் நகரும்ல. கண்ணை மூடிக்கிட்டு அப்படியே நின்னான்.

கொஞ்ச நேரம் கழிச்சுக் கண்ணைத் திறந்தான். என் மூஞ்சியையே பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் சொன்னான், "வந்தியா தொம்மை. நல்லதாப் போச்சு. மேக்குப் பக்கம் வெயில் உள்ள வருது. நீ அங்க நில்லு."

முட்டைக்குப் பக்கத்துல ஒரு கீரியை நிக்கச் சொல்றான். தன்னைத் திருடன்னு சொன்னவனை. நான் நின்னேன். கால் வெந்துச்சு, நான் தையதக்கான்னு குதிச்சேன். ஆனா நின்னேன்.

லூர்தக்கா தண்ணி குடிச்சிட்டு வந்தா. ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்தா. ஒரு வாய் ஏதாவது இருந்தா எடுத்துக் குடு தம்பின்னு என்கிட்ட கேட்டா. நான் பொந்துக்குள்ள கையை விட்டேன்.

என் வேப்பம்பழம் வந்துச்சு. மயில் போட்ட உமி. ராயப்பர் அண்ணாச்சி கடிச்சுத் துப்பின எலும்பு. காக்கா வச்ச பழைய செருப்பு வார். எல்லாத்து மேலயும் எறும்பு. இன்னும் உள்ள விட்டுத் துழாவினேன். ஒரு புல்லரிசி கூட இல்ல.

அக்கா அதைப் பார்த்தா. என்னையும் பார்த்தா. ஒன்னும் கேக்கல. கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. எட்டு நாளும் அவளுக்குச் சோறு போட்டவன் சவேரி ஒருத்தன்தான். கதிரை உருவிப் பொந்துல வச்சிட்டு வெறுந்தாளைத் தின்னிருக்கான். எறும்பு முட்டைக்கு வந்துரக்கூடாதுன்னு நம்ம போட்ட குப்பையைக் கவ்விக் கொண்டு போய்ப் புதைச்சிருக்கான். எடுத்தியான்னு கேட்டப்ப எதை எடுத்தேன்னு சொல்லியிருந்தா, கூட்டத்துல அத்தனை பேரும் தலைகுனிஞ்சிருப்போம். அதுக்காகத்தான் சொல்லல.

அக்கா கூட்டுல உக்காந்தா. முட்டையை அலகால தள்ளித் தள்ளிப் பார்த்தா. ஏழுதான் இருந்துச்சு. பக்கத்துல உடைஞ்ச ஓடு கெடந்துச்சு.

"எட்டாவது எங்க?"ன்னா.

நான் மண்ணைப் பார்த்தேன்.

சவேரி சொன்னான், "என் நிழல் பத்தல அக்கா. ஓரத்துல இருந்தது வெடிச்சிருச்சு. தப்பு என்னுதுதான்."

அவ அழுதா. சவேரி நொண்டி நொண்டிப் போனான். நாலு பாதமும் வெந்து தோல் உரிஞ்சிருந்துச்சு. மறுநாள் விடியும்போது பொந்து நிறைய புல்லரிசி. அந்தக் காலோட எப்படி நடந்தான்னு எனக்குத் தெரியல.

அன்னைக்குச் சாயங்காலம் கூட்டம் கூடுச்சு. வேண்டாம்னு சொன்ன இடத்துக்குப் போனது தப்பு, போய் ஒரு முட்டையைக் கோட்டை விட்டது அதைவிடத் தப்புன்னு ராயப்பர் அண்ணாச்சி சவேரியைப் பிடிச்சுக் கத்தினாரு. என்னையக் கட்டிப்பிடிச்சாரு. முட்டையை விட்டேன்னு சொன்ன வாக்கைக் காப்பாத்தினவன்னு என்னைய முன்னால உக்கார வச்சாங்க. அன்னைக்கு உக்காந்தவன் இன்னைக்கும் இங்கதான் உக்காந்திருக்கேன்.

பொந்துல என்ன இருந்துச்சுன்னு நான் சொல்லல. சவேரியும் சொல்லல. லூர்தக்காவும் சொல்லல.

ஏழு குஞ்சும் பொரிச்சுது. அந்தா, நல்லா வளந்து முன்வரிசையில உக்காந்திருக்குங்க. அதுங்க சவேரியை எப்படிக் கூப்பிடுது? 'நிழல் பத்தாத மாமா'. நம்ம எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுறோம். அந்தப் பேரை வச்சது யாரு? இந்த வாய்தான். அன்னைக்கும் எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான்.

ஏ சவேரி, எந்திரிக்காத, உக்காரு. பாருங்க, பின்னால இருந்து காதை ஆட்டி வேண்டாம் வேண்டாம்ங்கிறான். ஒரு வருசமா இப்படித்தான் ஆட்டுறான். நானும் அதையே சாக்கா வச்சு வாயை மூடிக்கிட்டேன். வாய்தான் தொழில்னு சொன்னேன்ல, அது தேவைப்பட்ட அன்னைக்கு மட்டும் லீவு போட்டுச்சு.

சிலுவையில தொங்குறவரைப் பத்திப் பிலோமி சொன்னதுக்கு அர்த்தம் கோயில்ல இருக்கும்னு நினைச்சேன். அது நாலு காலையும் அகட்டிக்கிட்டு என் கண்ணு முன்னாலயே நின்னுச்சு.

வரிசையில நிக்கிறவங்க இதை மட்டும் கேட்டுட்டுப் போங்க: தனக்குப் பிடிச்சதை எடுத்துக் குடுத்து, அடுத்தவன் தப்பையும் சேர்த்துச் சுமந்துக்கிட்டு, அவனையே பக்கத்துல நிக்கக் கூப்பிடுறவன்தான் தவக்காலம் இருக்கான், மத்தவனெல்லாம் சும்மா பட்டினி கெடக்கான்.

லூர்தக்கா, உன் எட்டாவது முட்டை வெயில்ல வெடிக்கல. சவேரி கண்ணை மூடியிருந்த நேரத்துல ஓரத்துல இருந்ததை உருட்டி எடுத்து நான்தான் உடைச்சுத் தின்னேன், நீ வர்றதுக்குள்ள வாயைத் துடைச்சுக்கிட்டேன். அவன் கண்ணைத் திறந்து என் மூஞ்சியைப் பார்த்தப்ப, மீசையில மஞ்சக்கரு ஒழுகிக்கிட்டு இருந்துச்சு.