கொட்டகையில் தொங்கிய கலப்பை

விளக்கணைத்துக் கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் மறுபடியும் வந்தது. முதலில் ஒரு முனகல். பிறகு, டொக்.

பிரகாசி படுக்கவில்லை. கதவை ஒருக்களித்து வைத்து, எதிரே இருந்த டிராக்டர் கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆள் யாரும் தெரியவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

விடிந்ததும் சிஸ்டர் பெனிட்டாவிடம் போய் நின்றாள். மடத்துப் பண்ணையை நடத்துபவர் அவர். தவழும் பிள்ளையோடு வந்தவளுக்கு அறை கொடுத்து, டிராக்டர் வேலையும் சொல்லிக்கொடுப்பவர்.

"டிரைவர் ராத்திரியில கொட்டகைக்கு வர்றார் சிஸ்டர். அவரை அனுப்பிடுங்க."

"பார்த்தியா?"

"சத்தம் கேட்டேன்."

பின்னாலேயே டிரைவர் சூசைமாணிக்கம் வந்தார்.

"சிஸ்டர், நான் அளவு வச்சுட்டுப் போற டாப் லிங்க்கை யாரோ ராத்திரியில நீட்டி வைக்கிறாங்க. காலையில பார்த்தா கலப்பை வால் தொங்கிக் கிடக்கு. கொட்டகைக்கு எதிர்ல யார் கதவு திறந்து கிடக்குன்னு நான் வேற சொல்லணுமா?"

"நானா?"

"பின்ன, கலப்பையே எந்திரிச்சு வந்து லீவரை ஆட்டிச்சாம்மா?"

டாப் லிங்க் என்பது டிராக்டரிலிருந்து கலப்பையின் தலையைப் பிடித்திருக்கும் கை. பழைய வகையைத் திருகி நீட்ட வேண்டும். இது எண்ணெய் அழுத்தத்தில் ஓடுவது. லீவரைத் தொட்டால் நீளும், சுருங்கும்.

சிஸ்டர் இருவரையும் வேலைக்கு அனுப்பினார். சாயங்காலம் கொட்டகைக்குப் போய், அந்தக் கையின் பளபளத்த தண்டு சிலிண்டருக்குள் நுழையும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். கொட்டகையைப் பூட்டினார். இருவரையும் சமையலறையில் எதிரெதிரே உட்காரவைத்து மொச்சை உரிக்கச் சொன்னார். குழந்தை பிரகாசியின் மடியில் தூங்கியது.

முனகல் கேட்டது. டொக்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டார்ச் வெளிச்சத்தில், கோடு சிலிண்டர் வாயை விட்டு விலகி நின்றது. தரையில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை.

"பேய்," என்றார் சூசைமாணிக்கம்.

"வால்வு," என்றார் சிஸ்டர். "உள்ளே தேஞ்சிருக்கு. கலப்பை இழுக்க இழுக்க எண்ணெய் உள்ளுக்குள்ளேயே நழுவுது. கை முனகிக்கிட்டே நீண்டு, முடிஞ்ச இடத்துல டொக்னு நிக்குது. அது சரி, வேலை முடிஞ்சா கலப்பையைத் தரையில இறக்கித்தானே வைப்பீங்க?"

"இந்தப் பொண்ணுதான் தூக்கியே வைக்கச் சொல்லுச்சு. குழந்தை தவழ்ந்து வந்து கலப்பைக் கொழு முனையைப் பிடிக்குதாம்."

சிஸ்டர் பிரகாசியின் பக்கம் திரும்பினார்.

"குழந்தை எப்படி வெளியே வருது?"

"கதவு திறந்திருக்கும் சிஸ்டர்."

"ஏன்?"

"வந்த நாள்லேர்ந்தே அப்படித்தான். யாராவது வர்றாங்களான்னு பார்க்க."

சூசைமாணிக்கம் சிரிப்பை அடக்கிக்கொண்டு டிராக்டரில் ஏறினார். கலப்பை மெல்ல இறங்கி மண்ணில் உட்கார்ந்தது.

"வால்வை நாளைக்கு மாத்திடுவோம்," என்றார் சிஸ்டர். "உன் கதவுல தாழ்ப்பாள் நல்லாத்தானே இருக்கு?"

பிரகாசி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு அறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

டொக்.