கையைத் தூக்கியவன்

கோபத்தோடுதான் இந்தக் கதையைச் சொல்கிறேன். ஆனாலும் நடந்ததில் எதையும் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன். கேட்டு முடித்தபின் தீர்ப்பு உங்களுடையது.

பவழத்தீவு என்றொரு குடியரசு. அதன் மலைநாட்டு மக்கள் தங்கள் நிலத்தைத் தோட்ட முதலாளிகளிடம் பறிகொடுத்து, மனுக் கொடுத்து அலுத்து, கடைசியில் துப்பாக்கி தூக்கினார்கள். அவர்களை அடக்கப் போன படையில் கேப்டன் மார்த்தாண்டன் இருந்தான். துணிச்சல்காரன். காயம்பட்ட சிப்பாயைத் தோளில் சுமந்து வெள்ளத்தைக் கடந்தவன். அதே மார்த்தாண்டன், ஆயுதத்தைப் போட்டுவிட்டுக் கைதூக்கி நின்ற மலைக்காரர்களைச் சுவரோரம் வரிசையாக நிறுத்திச் சுட்டான். விசாரணை வந்தது. சாட்சி சொல்ல வேண்டியவர்கள் எல்லாரும் செத்துப்போயிருந்ததால் அவனை விட்டுவிட்டார்கள்.

அதிபர் பூவராகன் அந்த மலைக்கே போனார். புதைத்த இடத்தில் வெகுநேரம் நின்றார். திரும்பி வந்து மலைநாட்டாருடன் சமாதானம் செய்து நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார். சரணடைந்தவனைச் சுடுகிற எவனுக்கும், அவன் தளபதியே ஆனாலும், ஆயுள்சிறை என்று சட்டம் போட்டார்.

மார்த்தாண்டனுக்கு அது பொறுக்கவில்லை. "நாம ரத்தம் சிந்திப் பிடிச்ச மலையைத் தூக்கிக் குடுத்துட்டாரே" என்று போகிற இடமெல்லாம் புலம்பினான். பிறகு 'தூய மண் படை' என்ற கூட்டத்தில் சேர்ந்தான். மலைக்காரனை மனிதனாக மதிக்கிறவன் துரோகி, துரோகியைக் கொல்வது புண்ணியம் என்பது அவர்களுடைய வேதம். அவன் அங்கே போய்வருவது படையில் பலருக்கும் தெரியும். தலைமைத் தளபதி வீரபாகுவுக்கும் தெரியும். தெரிந்தும், குடியரசு நாள் அணிவகுப்பில் அதிபரின் மேடையை ஒட்டி நிற்கும் அணியை அவன் பொறுப்பில் விட்டார்கள். யார் உத்தரவு என்று பிற்பாடு கேட்டபோது ஒருவர் இன்னொருவரைக் காட்டினார்.

அணிவகுப்பு முடிந்தது. அதிபர் மனைவி பத்மாசனியுடன் மேடையை விட்டு இறங்கி வந்தார். மார்த்தாண்டன் முன்னால் வந்து சல்யூட் அடித்தான். அடித்த கையாலேயே துப்பாக்கியை உருவி அவர் நெஞ்சில் சுட்டான். பத்மாசனி தரையில் உட்கார்ந்து கணவரின் தலையை மடியில் வாங்கினாள். அதற்குள் உயிர் போய்விட்டது.

மார்த்தாண்டன் துப்பாக்கியை வீசிவிட்டு இரண்டு கைகளையும் தூக்கினான். அவன் நெற்றிக்கு நேரே ஒரு துப்பாக்கி வந்து நின்றது. அதைப் பிடித்திருந்தவர் ஹவில்தார் தொம்மை. அதிபரின் மெய்க்காவலர். அந்த வீட்டில் பல வருஷம் உண்டு வளர்ந்தவர்.

"சரணடைஞ்சுட்டேன். இப்ப சுடு பாப்போம்" என்று மார்த்தாண்டன் சிரித்தான்.

தொம்மையின் விரல் விசையில் இருந்தது. கண்ணில் நீர் ஓடியது. "அய்யா போட்ட சட்டம்டா உன்னைக் காப்பாத்துது" என்று சொல்லி, அவனைக் குப்புறத் தள்ளி, தன் பெல்ட்டால் கைகளைப் பின்னால் கட்டினார்.

மண்ணில் முகம் பதிந்தபடி அவன் சொன்னான்: "கோர்ட்டுல பேசிக்கறேன். இதுல நான் ஒருத்தன் மட்டும் இல்ல."

தளபதி வீரபாகு மேடையிலிருந்து இறங்கி வந்தார். கட்டுண்டு கிடந்தவனின் தலையில் சுட்டார். மைதானமே கைதட்டியது.

பத்மாசனி தொம்மையை ஏறிட்டுப் பார்த்தாள். "எங்க வீட்டுல ஒருத்தனா இருந்தியே தொம்மை. கையில துப்பாக்கிய வெச்சுக்கிட்டு அவனைக் கட்டிப்போட்டுட்டு நின்னியே" என்றாள்.

தொம்மையைக் கோழை என்று வேலையைவிட்டு நீக்கினார்கள். கடைத்தெருவில் அவர் முகத்தில் துப்பினார்கள். வீரபாகுவை இடைக்கால அதிபராக்கினார்கள். ஆயுள்சிறைச் சட்டம் அவருக்கில்லை, பதக்கம்தான். அதைப் பத்மாசனியின் கையால் குத்தவேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள்.

அவள் வந்தாள். பதக்கத்தைக் கையில் எடுத்தாள். ஒலிபெருக்கி இருந்ததால் அவள் கேட்டது கூட்டத்துக்கெல்லாம் கேட்டது.

"கட்டிப்போட்டிருந்த ஆளு உங்களை என்ன பண்ணியிருப்பான், தளபதி?"

"கோபத்தை அடக்க முடியலம்மா."

"எனக்கும்தான் கோபம். அவன் பேசி முடிக்கட்டும்னு ஏன் உங்களுக்குத் தோணல?"

அவள் பதக்கத்தைத் தட்டில் போட்டுவிட்டு இறங்கி, நேரே தொம்மையின் வீட்டுக்குப் போனாள்.

சுடாமல் நின்றவர், சுட்டவர். இந்த இருவரில் செத்துப்போன அதிபருக்கு உண்மையாக நடந்தவர் யார்?

விடை: தொம்மை. மார்த்தாண்டனின் உயிருக்கு மதிப்பிருந்தது என்பதால் அல்ல. அந்த உயிருக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடமாட்டேன். ஆனால் அவன் வாயில் சில பெயர்கள் இருந்தன. எசமானின் சட்டத்தைக் காத்த தொம்மை அந்தப் பெயர்களையும் நாட்டுக்காகக் காத்து வைத்தார். சதியில் வீரபாகுவுக்குப் பங்குண்டா? எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தாலியறுத்தவளுக்கும் தெரியாது. அவர் கோபத்தில் சுட்டாரோ பயத்தில் சுட்டாரோ, இனி ஒருவருக்கும் தெரியவராதபடி செய்துவிட்டார். அதற்குத்தான் அந்த மைதானம் கைதட்டியது.