ஒரே ஒரு புதுக்கல்

"ஷைகே, மூணு நாளாத் தொழுகையில எனக்கு மனசு நிக்கல" என்றான் ஜரீர்.

"எங்கே போகுது?"

"ஆத்துக்கு அக்கரையில, அந்தக் கிறிஸ்தவ மடத்துக்கு."

அவனுடைய ஞானகுருவான ஷைகு சிரித்தார். "மனசாவது விருந்துக்குப் போயிட்டு வருதே!"

ஜரீருக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஊர்ச் சட்டம் இதுதான்: பழைய மடம் இடிந்தால், விழுந்த கல்லையே எடுத்துக் கட்டிக்கொள்ளலாம். ஒரு புதுக்கல் சேர்ந்தாலும் மடத்தை இடிக்க வேண்டும். வெள்ளத்தில் சரிந்த சுவரைத் துறவிகள் இப்போதுதான் எழுப்பியிருந்தார்கள். மறுநாள் நீதிபதியான காஜி விசாரிக்க வருகிறார்.

"புதுக்கல் வெச்சிருக்காங்க. நான் சாட்சி சொல்லப் போறேன்."

"பார்த்தியா?"

பார்க்கவில்லை.

"அப்ப முதல்ல போய்ப் பாரு."

ஜரீர் போனான். சுவரை அடியிலிருந்து தடவித் தடவிப் பார்த்தான். எல்லாம் பாசி படிந்த பழைய கல். மறுபடியும் ஒரு தடவை தடவினான். கிவர்கீஸ் என்ற கிழத் துறவி ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவன் தொடவில்லை.

உச்சிவெயில் சாய்ந்து லுஹர் தொழுகை நேரமும் வந்தது. வேறு வழியில்லை. அதே தண்ணீரில் முகம் கை கால் கழுவி வுளூ செய்துகொண்டு, வழிப்போக்கர் அறைக்குள் நுழைந்தான். உள்ளே, தொழும் திசையான கிப்லா எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை. கேட்க வாயும் வரவில்லை.

"சுவத்துல இருக்கிற அந்த வெள்ளைக் கல்லைப் பார்த்து நில்லுங்க, தம்பி" என்றார் கிவர்கீஸ்.

நின்றான். தொழுதான். மூன்று நாளில் முதல் தடவையாக மனசு நின்றது.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த பிறகுதான் கல்லைச் சரியாகப் பார்த்தான். உளி பட்ட தடம் இன்னும் ஆறவில்லை.

"இது?"

"பழசு வெள்ளத்தோட போயிடுச்சு. உங்க ஆளுங்க வந்தா திசை தெரியாமத் தவிப்பாங்களே."

ஜரீர் ஓட்டமும் நடையுமாகத் திரும்பினான்.

"கல்லு கிடைச்சுதா?" என்றார் ஷைகு.

"ஒண்ணே ஒண்ணு. அதைப் பார்த்துத்தான் தொழுதேன்."

"மனசு?"

"நின்னுச்சு. ஷைகே, நாளைக்கு நான் என்ன செய்யட்டும்?"

"நீ நெத்தி வெச்ச இடம் மறுமையில உனக்காகச் சாட்சி சொல்லும்" என்றார் ஷைகு. "நாளைக்கு நீ போய் அதுக்கு எதிராச் சாட்சி சொல்லிட்டு வா."