ஜெசிந்தாவின் ஐந்து லிட்டர்

"சிஸ்டர், மூடியைத் திறந்து ஒரு தடவை பார்க்கட்டுமா?"

"வேண்டாம் அக்கா."

"காலையிலும் இதையேதான் சொன்னீங்க."

"காலையிலும் இதையேதான் கேட்டீங்க."

ஜெசிந்தாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. சிஸ்டர் அமலோற்பவத்துக்கு நாற்பது. குரு சின்னவர், சிஷ்யை பெரியவள். பாதி எரிச்சல் அதனால்தான்.

இடம், ஜெர்மனியில் ஒரு மலைமேல் இருக்கும் கன்னியர் மடம். முந்நூறு வருடமாக அங்கே பீர் காய்ச்சுகிறார்கள். இப்போது அந்தப் பொறுப்பு, திண்டுக்கல்லிலிருந்து போன அமலோற்பவத்தின் கையில். கன்னியாஸ்திரி பீர் காய்ச்சலாமா என்று மூக்கைச் சுளிப்பவர்கள், மடத்துத் தலைவியிடம் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

ஜெசிந்தா பீர் கற்றுக்கொள்ள மலையேறியவள் இல்லை. புருஷனிடம் கோபித்துக்கொண்டு ஏறியவள். அடிவாரத்து ஊரில்தான் வீடு. மூன்று வாரமாக மடத்து விருந்தினர் அறையில் இருக்கிறாள்.

காரணம் ஒரே ஒரு வாக்கியம்.

கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் முடிந்த நாள். வீட்டில் பதினெட்டு விருந்தாளிகள். மீன் குழம்பை எல்லோரும் புகழ்ந்தார்கள். புருஷன் அருளப்பன் பீர் கிளாஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சமையலை விட்டா இவளுக்கு வேற என்ன தெரியும்?"

பதினெட்டுப் பேரும் சிரித்தார்கள்.

தூத்துக்குடியில் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்த வேலையை இந்த மனிதருக்காகத்தான் விட்டுவிட்டு வந்திருந்தாள். பதினெட்டுத் தட்டையும் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

"அவர் சொன்னது தப்புதானே?" வந்த அன்றே சிஸ்டரிடம் கேட்டாள்.

"தப்புதான்."

"மன்னிப்புக் கேட்கணும்தானே?"

"கேட்கணும்."

"அப்ப எனக்குப் பீர் காய்ச்சக் கத்துக்குடுங்க."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் அக்கா?"

"அவருக்குக் குடிக்கத்தான் தெரியும். நான் காய்ச்சி, அதே பதினெட்டுப் பேர் கிளாஸ்ல ஊத்தறேன். அப்புறம் சொல்லட்டும், எனக்கு என்ன தெரியும்னு."

சிஸ்டர், அடியில் குழாய் வைத்த சின்ன வாளி ஒன்றைக் கொடுத்தார். ஐந்து லிட்டர் பிடிக்கும்.

"முதல் தடவைக்கு இது போதும்."

முளைவிட்ட பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, இறுத்து, காய்ச்சி, ஆறவைத்து, ஈஸ்ட் போட்டாள். இரண்டு வாரம் நுரைத்தது. பிறகு அடங்கியது.

அப்புறம்தான் ஹாப்ஸ். பார்க்கக் குட்டிப் பச்சைக் கூம்பு மாதிரி, காய்ந்த பூ. சிஸ்டர் அதைச் சின்னத் துணிப்பையில் போட்டுக் கட்டினார்.

"காய்ச்சும்போதே கொஞ்சம் போட்டோமே?"

"அது கசப்புக்கு. இது வாசனைக்கு. அடுப்பு கிடையாது. பையை அப்படியே உள்ளே இறக்கி மூடிடணும். நாலு நாள்."

"அடுப்பே இல்லாம என்ன வாசனை வரும்? நெய்யில லேசா ஒரு புரட்டு புரட்டிப் போட்டா?"

"சூடு பட்டா வாசனை ஓடிடும். கசப்பு மட்டும் நிக்கும்."

ஜெசிந்தா நிமிர்ந்தாள். "என்னைச் சொல்றீங்களா?"

"ஹாப்ஸைச் சொல்றேன்."

பை உள்ளே போனது. மூடி விழுந்தது. அன்றிலிருந்துதான் இந்தத் திறக்கட்டுமா பாட்டு.

அருளப்பன் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் செய்துவிடுவார். முதல் வாரமே மன்னிப்புக் கேட்டார்.

"எதுக்கு மன்னிப்பு?" என்றாள் ஜெசிந்தா.

"நான் சொன்னதுக்கு."

"என்ன சொன்னீங்க? வாயால சொல்லுங்க."

சொன்னார்.

"என்கிட்ட மட்டும் சொன்னா ஆச்சா? கேட்டது பதினெட்டுப் பேர்."

இரண்டாம் வாரம் பதினெட்டுப் பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் போட்டார். அன்றைக்கு நான் பேசியது அசிங்கம் என்றார். அவர்களில் இரண்டு பேருக்கு என்ன பேச்சு என்றே ஞாபகமில்லை. அவர்களுக்கு ஞாபகப்படுத்தி, அப்புறம் மன்னிப்புக் கேட்டார்.

ஜெசிந்தா நாலைந்து வீட்டுக்குப் போன் போட்டு விசாரித்தாள். "நிஜமாவே பண்ணியிருக்கார், சிஸ்டர்."

"அப்ப வீட்டுக்குப் போறீங்களா?"

"எந்தக் குரல்ல கேட்டார்னு தெரியலையே."

சிஸ்டர் தரையைத் தேய்க்கப் போய்விட்டார்.

பை போட்ட நாலாம் நாள். ஆறு மணி. போன்.

"எங்க அண்ணனுக்கும் சொல்லுங்க," என்றாள்.

"சூசை அண்ணன் அன்னிக்கு வரவே இல்லையே ஜெசி. அவர் தூத்துக்குடியில இருக்கார்."

"என்னை உங்க கையில பிடிச்சுக் குடுத்தவர் அவர்தானே?"

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

இருபத்தைந்து வருடத்தில் அருளப்பன் முதலில் போனை வைத்தது அன்றைக்குத்தான்.

ஜெசிந்தா படியிறங்கி வந்த வேகத்தில் காய்ச்சும் அறைக் கதவு சுவரில் மோதித் திரும்பியது. சிஸ்டர் அப்போதுதான் வாளிக் குழாயைத் திறந்து ஒரு கிளாஸ் பிடித்து மேசையில் வைத்திருந்தார்.

"வெச்சுட்டார் சிஸ்டர். நான் பேசிட்டிருக்கும்போதே வெச்சுட்டார்."

"வாசனை வந்துருச்சு அக்கா. பையை மெதுவா எடுத்து வெளியே வெச்சிடுங்க. அவ்வளவுதான்."

ஜெசிந்தா மூடியைத் திறந்து பையைத் தூக்கினாள். ஊறி, உப்பி, சொட்டிக்கொண்டிருந்தது.

"இவ்வளவு சாறு உள்ளேயே நிக்குதே."

"நிக்கட்டும்."

"நிக்கட்டுமா? தேங்காயில மூணாம் பால் வரைக்கும் எடுக்கிறவ நான். புளியில சக்கை வெளுக்காம விட்டதே இல்லை."

"பிழியாதீங்க அக்கா."

பிழிந்தாள். இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்தாள். பச்சைக் குழம்பாக வாளிக்குள் இறங்கியது. பையைத் திருப்பிப் பிடித்து இன்னொரு முறுக்கு. விரல் வெளுக்க வெளுக்க, கடைசிச் சொட்டு வரைக்கும்.

சிஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். முடிந்ததும் வாளியை ஒரு கலக்குக் கலக்கி, இன்னொரு கிளாஸ் பிடித்து, முதல் கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இதை முதல்ல."

முதல் கிளாஸில் ஜெசிந்தா ஒரு வாய் குடித்தாள். ஆரஞ்சுத் தோலை நகத்தால் கீறினாற்போல வாசனை. தொண்டையில் இறங்கிய பிறகும் மூக்கில் நின்றது.

"இது நான் காய்ச்சினதா?"

"நீங்க காய்ச்சினது."

இரண்டாவது கிளாஸ். பச்சைப் புல்லையும் வேப்பங்குச்சியையும் சேர்த்து மென்ற மாதிரி இருந்தது. கடைவாய் வரைக்கும் துவர்ப்பு ஏறியது.

"இது?"

"இதுவும் நீங்க காய்ச்சினதுதான்."

"ரெண்டு நாள் வெச்சா தெளிஞ்சுடும்ல?"

"வண்டல் தெளியும். கசப்பு அங்கேயேதான் இருக்கும்."

"கொஞ்சம் சர்க்கரை போட்டா?"

சிஸ்டர் பிழிந்த பையை எடுத்துக் குப்பையில் போட்டார்.

ஜெசிந்தாவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "பார்த்துக்கிட்டே நின்னீங்களே. கையைப் பிடிச்சுத் தடுத்திருக்கலாமில்ல?"

"தடுத்திருந்தா, இன்னும் சாறு இருந்துச்சுன்னு ஆயுசுக்கும் சொல்லிட்டிருப்பீங்க."

ஜெசிந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். மூன்று வாரமும் பதினெட்டுப் பேரும் அந்த வாளிக்குள் பச்சையாகக் கிடந்தார்கள்.

"நல்லது எவ்வளவு மிச்சம்?"

"அந்த முதல் கிளாஸ்."

ஏழரைக்கு வாசல் மணி அடித்தது. சிஸ்டர் போய்க் கதவைத் திறந்து, வந்தவரைக் காய்ச்சும் அறைக்கே அழைத்து வந்தார்.

அருளப்பன். மலையை நடந்தே ஏறியிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் போன்.

"அண்ணனுக்குப் பண்ணத்தான் போனை வெச்சேன்," என்றார். "எல்லாத்தையும் சொன்னேன். ரொம்ப நேரம் திட்டினார். கேட்டுக்கிட்டேன்."

ஜெசிந்தா எழுந்தாள்.

"இன்னும் யாருக்குச் சொல்லணும் ஜெசி? சொல்லு. நிக்கிற நிலையிலேயே பண்ணிடறேன்."

அந்தக் குரலில் கோபம் இல்லை. வருத்தமும் இல்லை. அதில் எதுவுமே இல்லை.

ஜெசிந்தா வாயைத் திறந்தாள். அடுத்த பெயர் நாக்கில் தயாராகத்தான் இருந்தது. அவருடைய அம்மா. அந்தம்மாவுக்கு இது தெரிய வேண்டாமா?

வாயை மூடிக்கொண்டாள்.

மேசையிலிருந்து முதல் கிளாஸை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அவர் முகர்ந்து பார்த்தார். ஒரு வாய் குடித்தார். மறுபடி முகர்ந்தார்.

"யார் காய்ச்சினது இது?"

"நான்தான்."

இன்னொரு வாய் குடித்தார். "உனக்கு எங்கே?"

ஜெசிந்தா இரண்டாவது கிளாஸை எடுத்தாள்.

"என்னுது இது," என்று சொல்லி, ஒரே மூச்சில் குடித்தாள்.