பத்தாவது உறுதிமொழி

கணினிக்குச் சிப் வடிவமைப்பவர் குணசீலன். வருடா வருடம் ஒரு தாளில் கையெழுத்துப் போடுவார்: 'அடுத்த சிப் இதைவிட இரண்டு மடங்கு வேகமாக ஓடும்.' ஒன்பது வருடம் போட்டார். ஒன்பது வருடமும் ஓடியது.

பத்தாவது தாள் வந்தபோது பேனா நகரவில்லை. அவர் சொல்லை நம்பி முந்நூறு பேர் வருடம் முழுக்க ராப்பகலாக உழைப்பார்கள். ஆகாத காரியமாக இருந்துவிட்டால்? பயந்துபோனார்.

தாளோடு ஆசிரமத்துக்கு வந்தார். அவருடைய குரு வள்ளிநாயகி அம்மையார் அவரைவிடப் பத்து வயது இளையவர். அன்று பௌர்ணமி அன்னதானம். அம்மையார் சமையலறையில் இருந்தார். குணசீலன் தாளைக் காட்டி, முந்நூறு பேரைப் பற்றியும் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"இந்த வேகத்துக்கு ஒரு எல்லை உண்டாம்மா?"

"முதல்ல இந்தச் சோத்தைச் சீக்கிரம் ஆக்கிக் குடுங்க. எல்லாரும் பசியோட உக்காந்திருக்காங்க."

குணசீலன் அடுப்பில் விறகைத் திணித்தார். உலை தளதளவென்று கொதித்துப் பொங்கி வழிந்தது. அரிசி தன் பாட்டுக்குத்தான் வெந்தது.

"எவ்வளவு எரிச்சாலும் கொதிக்கிற தண்ணிக்கு இதுக்கு மேல சூடு ஏறாதும்மா."

"அப்ப எல்லை இருக்கு."

"இல்லம்மா! அதுக்குத்தானே குக்கர் கண்டுபிடிச்சாங்க. மூடியை இறுக்கினா சூடு இன்னும் ஏறும். பாதி நேரத்துல வெந்துரும்."

அவர் முகத்தில் பழைய துள்ளல் வந்துவிட்டது. கேள்வியும் தானே, பதிலும் தானே. இப்படிப்பட்டவர்களுக்குக் குரு எதற்கு என்று எனக்குச் சில சமயம் தோன்றும்.

அம்மையார் மிச்ச அரிசியைப் பெரிய குக்கரில் போட்டு அடுப்பில் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் வெயிட் எழும்பி, ஆவி சீறியது.

"அந்த வெயிட்டை அழுத்திப் பிடிங்க. இன்னும் சீக்கிரம் ஆகும்."

குணசீலன் கரண்டியை நீட்டினார். பாதியில் கை நின்றுவிட்டது.

"வெடிச்சிரும்மா."

"இதைவிடக் கெட்டியா ஒரு பாத்திரம் செஞ்சா?"

"செய்யலாம். ஒன்பது வருஷமா அதைத்தான் செஞ்சோம்." சற்று யோசித்தார். "ஆனா அதுக்கும் தாங்காத ஒரு இடம் இருக்கும்."

"எந்த இடம்?"

"செஞ்சு பாத்தாதாம்மா தெரியும்."

அம்மையார் அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்தார்.

"அப்ப அந்த முந்நூறு பேர்கிட்ட 'ஓடும்'னு சொல்லாதீங்க. 'ஓடுதான்னு பாக்கலாம், வர்றீங்களா?'ன்னு கேளுங்க."