செக்கில் கை வைத்த கூட்டாளி

முன்னொரு காலத்தில் ஓர் அரசருக்கு வணிகம் செய்யும் ஆசை வந்தது.

"லாபத்தில் எனக்குப் பங்கு வேண்டும். நட்டம் வந்தால் போட்ட பொன்னுக்கு மேல் ஒரு காசும் போகக் கூடாது. அப்படி ஒரு தொழில் உண்டா?" என்று சபையில் கேட்டார்.

விகடகவி கூத்தபிரான் எழுந்தான். "உண்டு, மன்னா. தொழில் தெரிந்தும் முதல் இல்லாத ஒருத்தி இருக்கிறாள்."

அவள் காத்தாயி. கணவன் போன பின் ஒற்றை மாட்டோடு செக்கு ஓட்டிப் பிழைப்பவள். ஓலை எழுதப்பட்டது: தொழிலை நடத்தும் காத்தாயிக்கே நட்டம் முழுதும் பொறுப்பு. முதல் மட்டும் போட்டவருக்குப் போனால் அந்த முதல்தான் போகும். அவர் தொழிலில் கை வைத்தால், அதனால் வரும் நட்டத்துக்கு அவரே முழுப் பொறுப்பு.

அரசர் பத்துப் பொன் போட்டார். கூத்தபிரானுக்குக் கிடைத்த பேரைப் பொறுக்காத பொக்கிஷதாரர் வல்லபராயரும் பத்துப் பொன் போட்டுக் கூட்டாளியானார்.

மறுமாதமே அவர் தம் களஞ்சியத்தில் கிடந்த பழைய எள்ளோடு செக்கடிக்கு வந்தார்.

"ஐயா, இது பூசணம் பிடிச்ச எள்ளு. வேண்டாங்க" என்று கும்பிட்டாள் காத்தாயி.

"நான் கூட்டாளி!" என்று அவரே அள்ளிக் கொட்டினார்.

அந்த எள்ளை ஆட்டிக் கோயிலுக்கு அனுப்பிய முப்பது குடம் எண்ணெயும் திரும்பி வந்தது. பதிலுக்கு நல்ல எண்ணெய் கொடுக்க வீட்டையும் மாட்டையும் விற்க வேண்டும். மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதவள், கூத்தபிரானைத் தேடிப் போனாள்.

"அண்ணே, என்னை நம்பினீங்க. உங்க பேரையும் கெடுத்துட்டேன்."

அவன் அவளை உட்கார வைத்து மோர் கொடுத்தான். "நீ எதையும் கெடுக்கலை, தங்கச்சி. நாளைக்கு ஒரு குடத்தோட சபைக்கு வா. நான் பேசிக்கிறேன்."

மறுநாள் மூடிய குடத்தைக் காட்டிக் கூத்தபிரான் சொன்னான்: "மன்னா, இந்த எண்ணெய்க்குக் காரணமானவர் யாரோ, இதனால் வருவதெல்லாம் அவரையே சேர வேண்டும்!"

எண்ணெய் திரும்பிய சேதி அறியாத வல்லபராயர் துள்ளி எழுந்தார். "அடியேன்தான், அரசே! அவள் வேண்டாமென்றாள். நானே என் கையால் எள்ளை அள்ளிப் போட்டேன்!"

கூத்தபிரான் குடத்தைத் திறந்தான். காறல் வாடையில் அரசர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"கோயில் திருப்பியனுப்பிய முப்பது குடமும் இப்படித்தான், மன்னா. வந்தது நட்டம். அதுவும் அவரையே சேரட்டும்."

"நட்டம் அவள் பொறுப்பு! ஓலையைப் பாருங்கள்!"

"கடைசி வரியைத் தாங்களே படியுங்கள், ஐயா."

படிக்கப் படிக்க வல்லபராயரின் குரல் உள்ளே போயிற்று. அரசர் கிரீடம் சரியச் சிரித்தார். முப்பது குடம் நல்ல எண்ணெய்க்கான எள்ளை வல்லபராயரே வாங்கித் தரும்படி ஆணையிட்டு, தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரானுக்குப் போட்டார்.

பிறகு காத்தாயியிடம், "நான் போட்ட முதல் உன்னிடமே இருக்கட்டும், அம்மா" என்றார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள்.

அன்று மாலை, கழுத்தில் முத்துமாலை ஊசலாட, வல்லபராயர் வாங்கித் தந்த முதல் எள் மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு கூத்தபிரான் அவளோடு செக்கடிக்கு நடந்தான்.